களைக்காத சிப்பாய்

2005 பெப்ரவரி முதலாம் திகதி இணையத்தில் ஒரு படம் வந்தது. கறுப்புப் பதாகை ஒன்றின் முன்னால் சீருடையோடு ஓர் அமெரிக்கச் சிப்பாய். அவன் தலையை நோக்கி ஒரு துவக்கு. பெயர் ஜோன் அடம், ஈராக்கில் பிடிபட்டிருக்கிறான், கைதிகளை விடாவிட்டால் கொல்லப்படுவான் என்று படத்தோடு ஒரு மிரட்டலும் வந்தது. செய்தி நிறுவனங்கள் அதை உலகமெங்கும் அனுப்பின. அமெரிக்கப் படையோ தன் ஆட்களில் ஒருவரும் காணாமற்போகவில்லை என்றது. விரைவிலேயே விசயம் வெளிச்சத்துக்கு வந்தது. ஜோன் அடம் ஒரு பொம்மை. டிராகன் மொடல்ஸ் நிறுவனம் 'ஸ்பெஷல் ஒப்ஸ் கோடி' என்ற பெயரில் செய்து, குவைத்திலிருந்த அமெரிக்கத் தளங்களில் விற்ற ஓரடி உயரப் பொம்மை. அவன் தலைக்கு நீட்டப்பட்ட துவக்குக்கூட அவனுடைய பெட்டிக்குள்ளேயே வரும் துவக்கைப் போல இருந்தது.

பொம்மை சேகரிப்பவர்கள் இந்தக் கதையைப் பெருமையோடு சொல்வார்கள். செய்தியறைகளையே ஏமாற்றும் அளவுக்கு எங்கள் பொம்மை தத்ரூபம், பார்த்தீர்களா என்பார்கள். நான் அதே கதையை மறுபக்கத்திலிருந்து சொல்கிறேன். ஏமாற்றியது உடுப்பு. காட்டிக்கொடுத்தது உடம்பு. மேலங்கி, அதன் பைகள், வார்கள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஆனால் தலையில் துவக்கு வைக்கப்பட்ட மனிதன் அப்படி இருக்கமாட்டான். அவனுடைய கழுத்து உள்ளே இழுபடும். தோள்கள் காதை நோக்கி ஏறும். அல்லது எல்லாம் விட்டுப்போய் முதுகு கூனும். கோடியோ கடைத் தட்டில் நின்ற அதே விறைப்போடு இருந்தான்.

எனக்குச் சண்டை அந்த உடம்போடுதான். பன்னிரண்டு வருடங்களாக இராணுவப் பொம்மைகளை வெட்டி, அராவி, சுடவைத்து, மூட்டு மாற்றி நிறுத்தி வருகிறேன். இந்தப் பொழுதுபோக்கை நான் விரும்புகிறேன். அதனால்தான் சொல்கிறேன்: 'தத்ரூபமான நிலை' என்று இங்கே விற்கப்படுவதும், செய்யப்படுவதும், பரிசு பெறுவதும் தத்ரூபத்தின் பாதிகூட இல்லை. சுடுகிற மனிதனைச் செய்ய ஆயிரம் பேர் இருக்கிறார்கள். களைத்த மனிதனைச் செய்ய ஆளில்லை. களைப்பில்லாத போர் பொய்யான போர். அந்தப் பொய்யை வளர்ப்பதில் எங்கள் சமூகத்துக்கும் பங்கிருக்கிறது.

*

இந்தப் பொய் எங்கே தொடங்கியது என்று பார்க்க, பொம்மையின் மூட்டுகளைப் பார்த்தாலே போதும்.

1964இல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ஜி.ஐ. ஜோவைக் கடைக்கு விட்டபோது, 21 அசையும் பாகங்கள் என்றுதான் விளம்பரம் செய்தது. அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான டொன் லெவின், ஓவியப் பொருட்கள் விற்கும் கடையொன்றின் கண்ணாடிக்குள் மூட்டுவைத்த மரப்பாவைகளைக் கண்டுதான் வழி பிடித்தார் என்பார்கள். ஓவியர்களுக்கு அந்தப் பாவை எதற்கு? பாரம் எந்தக் காலில் இறங்குகிறது, இடுப்பு எந்தப் பக்கம் சரிகிறது, தோள் அதற்கு என்ன பதில் சொல்கிறது என்று படிப்பதற்கு. அது கண்ணைப் பழக்கும் கருவி. சீருடை போட்டதும் அந்த வேலை அதனிடமிருந்து பறிபோனது.

பெயரும் மாறியது. பையன்களுக்குப் பொம்மை விற்க முடியாது என்ற பயத்தில் 'பொம்மை' என்ற சொல்லையே விலக்கி, 'அக்‌ஷன் ஃபிகர்' என்று பெயர் வைத்தார்கள். 1989இல் சுங்கவரி வழக்கொன்றில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஜி.ஐ. ஜோ பொம்மைதான் என்று தீர்த்தது. வரிக்குப் பொம்மை, விளம்பரத்துக்கு வீரன். அந்தப் பெயரில் ஒரு சட்டமும் ஒளிந்திருக்கிறது: இவன் எதையாவது செய்துகொண்டே இருக்கவேண்டும், சும்மா இருக்கக்கூடாது.

அதற்குப் பிறகு வந்த முன்னேற்றங்களை வரிசையாகப் பாருங்கள். 1966இல் ஜோ பிரித்தானியாவில் பாலிடோய் நிறுவனத்தின் 'அக்‌ஷன் மேன்' ஆனான். 1973இல் அவனுக்கு வளையும் விரல்களோடு பற்றும் கை வந்தது. அடுத்த வருடம் அமெரிக்க ஜோவுக்கும் வந்தது. எதைப் பற்றுவதற்கு? 1982இல் ஜோ உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுக்குச் சிறுத்தான். 1983இல் முழங்கைக்கு மேலே சுழலும் ஒரு வெட்டு வந்தது. இரண்டு கையாலும் துவக்கைப் பிடிக்கவென்றே வந்த வெட்டு அது. இப்போது ஓரடிப் பொம்மைகளில் முப்பதுக்கு மேற்பட்ட மூட்டுகள் வருகின்றன. கூடிவந்த மூட்டுகளில் பெரும்பாலானவை ஒரே திசையைத்தான் பார்க்கின்றன: துவக்கு தோளுக்கும் கன்னத்துக்கும் போகும் திசை.

பெட்டியிலிருந்து எடுத்தவுடன் அதுவும் சரியாக வராது. அங்கேதான் எங்கள் வேலை தொடங்குகிறது. பொம்மையின் கை மார்புக்குக் குறுக்கே வராது. அக்குளுக்கு முன்னால் இருக்கும் பிளாஸ்ரிக் விளிம்பு தடுக்கும். அதைச் சுழலும் சிறு அரத்தால் குடைந்து, தோள் உள்ளே மடங்க வழி செய்வோம். தலை போதிய அளவு சரியாது. கன்னம் துவக்கின் கட்டையில் படவேண்டுமானால் கழுத்துத் தண்டைத் தேய்த்து, தலையின் அடிக்குழியைப் பெருப்பிக்கவேண்டும். படுத்திருந்து சுடுபவனுக்குப் பிடரியில் வெட்டு வேண்டும். இல்லாவிட்டால் அவன் மண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். முழந்தாளிட வைக்கப் பின்தொடையையும் கெண்டைக்காலையும் சீவவேண்டும். சப்பாத்துக்குள் கணுக்கால் பூட்டியிருக்கும். உள்ளே குடைந்து ஒரு பந்துமூட்டு வைக்கவேண்டும். ரப்பர் போன்ற கைகளைச் சுடுதண்ணீரில் தோய்த்து வளைத்து, உடனே பச்சைத்தண்ணீரில் போட்டால் வளைவு அப்படியே நிற்கும். தளர்ந்த பந்துமூட்டுக்கு நகப்பூச்சு இரண்டு தடவை பூசிக் காயவிட்டால் மறுபடி இறுகும்.

இவ்வளவும் நல்ல கைவேலை. மணிக்கணக்கில் மினக்கெட்டுச் செய்யும் வேலை. அதைச் செய்பவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் எந்தக் கண்காட்சி மேசைக்குப் போனாலும் முடிவில் என்ன கிடைக்கிறது? விரல் விசையில் இருக்கும் ஐம்பது பேர். ஒவ்வொருவனும் சரியாகக் குறிபார்க்கிறான். ஒருவனாவது தலைக்கவசத்தைக் கழற்றி நெற்றியைத் துடைக்கிறானா என்று தேடுங்கள்.

*

களைப்பைச் செய்வது ஏன் கடினம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது.

ஓரடிப் பொம்மை மனிதனின் ஆறில் ஒரு பங்கு. நீளம், அகலம், தடிப்பு மூன்றும் ஆறாகக் குறைகின்றன. ஆகவே எடை குறைவது ஆறு மடங்கல்ல, 216 மடங்கு. 80 கிலோ மனிதன் பொம்மையாகும்போது ஏறக்குறைய 370 கிராம். அவன் முதுகில் 30 கிலோ மூட்டை இருந்தால் அது 140 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் தாங்கும் பலம் எலும்பும் தசையும் எவ்வளவு தடிப்பு என்பதைப் பொறுத்தது. அது 36 மடங்குதான் குறைகிறது. அதாவது, சிறுத்துப்போன மனிதன் தன் எடையோடு ஒப்பிட ஆறு மடங்கு பலசாலி. எறும்பு தன்னைவிடப் பெரிய பருக்கையைத் தூக்கிப்போவதும் இதே கணக்கால்தான். துணிக்கும் இதே கதி. சட்டையின் அளவு சிறுத்தாலும் நூலின் தடிப்பு சிறுக்காது. அது உடம்பில் விழாமல் மட்டைபோல விறைத்து நிற்கும்.

ஆகவே பொம்மைச் சிப்பாய் இயல்பாகவே களைக்காதவன். போதாததற்குத் தொழிற்சாலை அவனுடைய முதுகுப்பைக்குள் பஞ்சை அடைத்து அனுப்புகிறது. எத்தனை மூட்டு வைத்தாலும் அவனுக்குப் பாரம் தெரியாது. பாரம் தெரியாத உடம்பை எப்படி நிறுத்தினாலும் அது கோடிதான்.

அப்படியானால் பாரத்தை நாங்கள்தான் செய்யவேண்டும். முதுகுப்பையில் இரும்புக் குண்டுகளைப் போட்டுத் தைத்தால் வார் தோளை உண்மையாகவே வெட்டும். துணி அங்கே மடியும். சட்டையை நனைத்து, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையைத் தடவி, மடிப்புகளைக் கையால் அமுக்கிக் காயவிடவேண்டும். ஆனால் முக்கியமான வேலை இடுப்பில் இருக்கிறது. ஒரு பக்க இடுப்புமூட்டின் உட்புறத்தைச் சீவி, அந்தப் பக்கம் இடுப்பு உயரும்படி செய்யவேண்டும். நடுவுடம்பு மூட்டில் மறுபக்கமாக ஒரு பிளாஸ்ரிக் சீவலை ஒட்டி முதுகை எதிர்த்திசையில் வளைக்கவேண்டும். உயர்ந்த இடுப்பின் பக்கத்துத் தோளை இறக்கவேண்டும். கழுத்துத் தண்டை வெட்டி 3 மில்லிமீற்றர் முன்னால் ஒட்டினால், அது மனிதக் கணக்கில் கிட்டத்தட்ட 2 சென்ரிமீற்றர். நெடுந்தூரம் சுமந்து நடந்தவனின் தலை அவ்வளவுக்காவது முன்னால் வந்துவிடும்.

இதில் எதுவும் எங்களுக்குப் புதிதல்ல. சோழர் காலத்து உமையின் செப்புத் திருமேனியைப் பார்த்தவருக்கு இது தெரியும். பாரம் ஒரு காலில், அந்தப் பக்கத்து இடுப்பு வெளியே, மறுகால் முழங்காலில் தளர்ந்து, தலை இன்னொரு திசையில். திரிபங்கம் என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் பிள்ளைகளைப் பரதநாட்டிய வகுப்புக்கு ஏற்றி இறக்கும் பெற்றோர் எல்லோருக்கும் தெரிந்த விசயம், அரைமண்டியில் இரண்டு நிமிடம் நின்றால் தொடை நடுங்கும் என்பது. நிற்பது ஒரு வேலை. உடம்பு பாரத்தோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம். உலோகத்தை உருக்கிய ஸ்தபதிக்கு ஆயிரம் வருடத்துக்கு முன்பே விளங்கியது, முப்பது மூட்டு வைக்கும் தொழிற்சாலைக்கு இன்னும் விளங்கவில்லை. விளங்கினாலும் அது விற்காது.

*

சேகரிப்பாளர்களின் பதில் எனக்குத் தெரியும். நாங்கள் புகைப்படங்களைப் பார்த்துத்தான் நிறுத்துகிறோம், அதனால் இது ஆவணத்துக்கு உண்மையானது என்பார்கள்.

எந்தப் புகைப்படங்கள்? பத்திரிகையில் அச்சாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை, படையே விளம்பரத்துக்கு எடுத்தவை, பயிற்சிக் கையேட்டில் வந்தவை. இப்படி வடிகட்டி எஞ்சிய ஒரு நொடியைப் பார்த்துச் செய்துவிட்டு அதைப் போர் என்கிறார்கள். சிப்பாயின் நாளில் பெரும்பகுதி காத்திருப்பது, சுமப்பது, தோண்டுவது, நித்திரை முழிப்பது. இதை எந்தப் படைவீரனின் நினைவுக் குறிப்பிலும் வாசிக்கலாம்.

நான் புத்தகத்தில் வாசித்து அறிந்ததல்ல. 1987 முதல் 1990 வரை இந்தியப் படை யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தவன் நான். சென்றியில் நின்ற சிப்பாய்கள் எங்களுக்குத் தினமும் பார்க்கும் ஆட்கள். பயம் இருந்ததால் உன்னிப்பாகப் பார்த்தோம். எங்களைப் போன்ற பிள்ளைகள் அவர்களுடைய உடம்பை வாசிக்கப் பழகிக்கொண்டார்கள். ஒரு காலிலிருந்து மறுகாலுக்குப் பாரத்தை மாற்றுகிறவன் அலுத்துப்போயிருக்கிறான், அவனைக் கடந்துவிடலாம். துவக்கின் வாரைப் பெருவிரலால் தூக்கித் தோளுக்கு ஆறுதல் கொடுப்பவன் மணித்தியாலக் கணக்காக நிற்கிறான். அவனிடம் கேள்வி கேட்டு நிற்கக்கூடாது. இரண்டு காலிலும் சமமாக நிற்கிறவனிடம்தான் கவனம். ஏதோ நடந்திருக்கிறது, அல்லது நடக்கப்போகிறது. எங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு இது அரிச்சுவடி. இன்று கடையில் 'தத்ரூபம்' என்று ஒட்டியிருக்கும் பெட்டிக்குள் அந்த அரிச்சுவடியின் ஓரெழுத்தும் இல்லை.

*

இப்போது என்னுடைய மறுபக்கத்து எதிராளிகளுக்கு வருகிறேன். அவர்கள் எங்கள் ஆட்கள். இந்த இதழை வாசிப்பவர்கள், இலக்கியச் சந்திப்புகளுக்கு வருபவர்கள். போரிலிருந்து தப்பி வந்தவன் போர்ப் பொம்மையோடு விளையாடலாமா என்று முகம் சுளிப்பவர்கள். பிள்ளைக்குத் துவக்குப் பொம்மை வாங்கிக் கொடுப்பதில்லை என்பதைத் தங்கள் அரசியல் நிலைப்பாடாகச் சொல்லிக்கொள்பவர்கள்.

அவர்களுக்கு என் முதல் பதில்: சின்ன உருவங்களை வைத்துப் போரை யோசித்தவர்கள் எல்லோரும் போரை விரும்பியவர்கள் அல்ல. எச்.ஜி. வெல்ஸ் பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் ஆட்டத்துக்கு 1913இல் விதிநூல் எழுதினார். அதன் கடைசிப் பக்கங்களில் அவர் சொல்வது, இதை விளையாடிப் பார்த்தவனுக்குப் பெரிய போர் எவ்வளவு மடத்தனம் என்று விளங்கும் என்பதுதான். டேவிட் லெவிந்தால் என்ற புகைப்படக்காரர் 1977இல் கரி ட்ரூடோவோடு சேர்ந்து ஒரு புத்தகம் வெளியிட்டார். ஜேர்மன் படை கிழக்கே போன கதையை விளையாட்டுச் சிப்பாய்களை வைத்து, கலங்கிய படங்களாகச் சொன்ன புத்தகம். அதைப் பார்த்து ஒருவருக்கும் படையில் சேரும் ஆசை வராது.

மார்க் ஹோகன்காம்ப்பின் கதை இன்னும் நெருக்கமானது. நியூயோர்க் மாநிலத்தின் கிங்ஸ்ரனில் 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் ஐந்து பேர் அவரை அடித்துக் குற்றுயிராகப் போட்டார்கள். ஒன்பது நாள் நினைவில்லாமல் கிடந்தார். மீண்டபோது பழைய வாழ்க்கையின் பெரும்பகுதி நினைவிலிருந்து போய்விட்டது. சிகிச்சைக்குப் பணம் போதவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து பெல்ஜியக் கிராமம் ஒன்றை ஆறில் ஒரு பங்கு அளவில் கட்டினார். அதற்கு மார்வென்கோல் என்று பெயர் வைத்தார். 2010இல் அதே பெயரில் வந்த ஆவணப்படத்தில், அவர் ஒரு பொம்மை ஜீப்பைத் தெருவோரமாக இழுத்துக்கொண்டு நடப்பதைப் பார்க்கலாம். ரயர்கள் உண்மையாகத் தேயவேண்டும் என்பதற்காக நடக்கிறார். அவருடைய படங்களில் பொம்மைகள் காயப்படுகிறார்கள், சுமக்கப்படுகிறார்கள், ஒருவரையொருவர் தாங்குகிறார்கள். அடிபட்ட ஓர் உடம்பு தன்னைத் திரும்பக் கற்றுக்கொண்ட இடம் அது. அதைப் போய் விளையாட்டு, வன்முறை, வேண்டாம் என்று ஒதுக்குவீர்களா?

இரண்டாவது பதில் கொஞ்சம் கசக்கும். துவக்குப் பொம்மை வேண்டாம் என்னும் அதே வீடுகளிலிருந்துதான் கார்த்திகை மாதத்தில் பிள்ளைகள் மண்டபங்களுக்குப் போகிறார்கள். அங்கே மேடையில் ஆளுயரத்துக்கு நிற்கும் உருவங்களைப் பாருங்கள். நிமிர்ந்த நெஞ்சு, தூரத்தைப் பார்க்கும் கண், இரண்டு காலிலும் சமமான பாரம். ஒருவருக்கும் களைப்பில்லை. ஒருவருக்கும் காலில் சேற்றுப்புண் இல்லை, மலேரியா இல்லை, வீட்டு நினைப்பு இல்லை. இறந்தவர்களுக்கு மரியாதை செய்வதாக நினைத்து, அவர்களிடமிருந்து உடம்பைப் பறித்து மட்டையாக்கி வைத்திருக்கிறோம். அவர்களில் பலர் இங்கே பத்தாம் வகுப்புப் படிக்கும் எங்கள் பிள்ளைகளின் வயதினர். அந்த வயதுக்காரர் முழு இரவும் சென்றி பார்த்தால் காலையில் எப்படி நிற்பார்கள் என்று அந்த மட்டை ஒருநாளும் சொல்லாது. மறுபக்கத்தில், புதுக்குடியிருப்பில் அரசு கட்டிய வெற்றிச் சின்னத்தில் எழுந்து நிற்கும் சிப்பாயும் களைக்காதவன்தான். எதிரிகள் இருவருக்கும் ஒரே சிற்பி. அந்தச் சிற்பிதான் பொம்மைத் தொழிற்சாலையிலும் வேலை செய்கிறான்.

இங்கே பிறந்த பிள்ளைக்குப் போர் என்பது படங்கள்தான்: வீடியோ விளையாட்டு, மண்டபத்து மட்டை, கைத்தொலைபேசியில் வரும் 2009இன் படங்கள். முதல் இரண்டிலும் உடம்புக்குப் பாரமில்லை. மூன்றாவதில் பாரம் மட்டுமே இருக்கிறது. அதைப் பார்க்க முடியாமல் பிள்ளை விரலால் தள்ளிவிடுகிறது. இடையில் ஒன்றுமில்லை. உயிரோடு இருக்கிற, களைக்கிற, கால் மாற்றுகிற உடம்பு எங்கேயும் இல்லை. அதைப் பார்க்கப் பழகாத பிள்ளை போரைப் புகழும், அல்லது போரிலிருந்து முகத்தைத் திருப்பும். ஒருநாளும் விளங்கிக்கொள்ளாது. பொம்மையைத் தடைசெய்வதால் இது தீராது. பொம்மையைச் சரியாக நிறுத்தக் கற்றுக்கொடுத்தால் கொஞ்சம் தீரும்.

*

மூன்றாவதாக ஒரு கேள்வி வரும். அது கோபத்தோடு வரும், அந்தக் கோபம் நியாயமானது. எங்களைக் கொன்ற ஆமிக்காரனைக் களைத்தவனாகக் காட்டி அவனுக்கு இரக்கம் தேடுகிறாயா?

இல்லை. களைத்தவன் நிரபராதி என்று யார் சொன்னது? முழங்கால் வலித்தவனும் விசையை அழுத்தினான். நித்திரையில்லாதவனும் உத்தரவை நிறைவேற்றினான். களைக்காத, வலிக்காத, தயங்காத உருவம் ஓர் இயந்திரம். இயந்திரத்தை நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது. செய்தவன் உடம்புள்ள மனிதன், அவனால் செய்யாமல் விட்டிருக்கவும் முடியும் என்பது உறுதியானால்தான் குற்றம் என்ற சொல்லுக்கே அர்த்தம் வருகிறது. விறைத்த பொம்மைதான் அவனைத் தப்பவைக்கிறது.

ஆனால் இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. அது எனக்கும் உறுத்துவது. ஏன் சிப்பாயோடு நிற்கிறாய்? மற்றவர்கள் எங்கே?

சரியான கேள்வி. இந்தப் பொழுதுபோக்கில் ஒவ்வொரு படைக்கும், ஒவ்வொரு வருடத்துக்கும், ஒவ்வொரு விதமான மேலங்கிக்கும் பொம்மை தேடிப் பிடிக்கலாம். போருக்குள் அகப்பட்ட சனத்துக்குப் பெட்டி வருவதில்லை. 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமம் முழுவதும் எழும்பி நாவற்குழிப் பக்கம் நடந்த இரவை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சனத்துக்குள் எத்தனை விதமாகச் சுமக்கும் உடம்புகள் இருந்தன! தலையில் பை வைத்தவர், சைக்கிளில் தாயை வைத்துத் தள்ளியவர், இடுப்பில் பிள்ளையைத் தூக்கியவர். அந்தக் கடைசி நிலையை எந்தத் தொழிற்சாலைப் பொம்மையாலும் செய்ய முடியாது. பிள்ளையை இடுப்பில் வைக்க இடுப்பு பக்கவாட்டில் தள்ளவேண்டும், முதுகு எதிர்ப்பக்கம் வளையவேண்டும், ஒரு கை பிள்ளையின் முதுகைச் சுற்றவேண்டும். எங்கள் ஊரில் ஒன்பது வயது அக்கா தம்பியைத் தூக்கும்போது தானாக வரும் நிலை. முப்பது மூட்டுப் பொம்மைக்கு வராது, ஏனென்றால் அதனிடம் அதை ஒருவரும் கேட்கவில்லை.

நான் கேட்டுப் பார்த்தேன். ஒரு பெண் சிப்பாய்ப் பொம்மையை வாங்கிச் சீருடையைக் கழற்றினேன். களைத்த சிப்பாய்க்கு வெட்டும் அதே இடத்தில், இடுப்புமூட்டின் உட்புறத்தில், இன்னும் 2 மில்லிமீற்றர் ஆழமாக வெட்டினேன். துவக்கு கன்னத்துக்கு வர மார்பில் குடையும் அதே குடைவுதான் கை பிள்ளையைச் சுற்றவும் வழிவிட்டது. பழைய பருத்திச் சேலைத் துண்டைப் பசைத்தண்ணீரில் நனைத்து உடுத்தினேன். அவள் நின்றாள். எந்தத் தாங்கியும் இல்லாமல், பாரம் முழுவதும் ஒரு காலில் இறங்கி நின்றாள். அதைச் செய்த நாளிலிருந்து எனக்கு ஒரு விசயத்தில் சந்தேகமே இல்லை: பொம்மையின் உடம்பில் போர் மட்டும் இல்லை. போரை மட்டும் கேட்கும் கைகளுக்குத்தான் அது போரை மட்டும் கொடுக்கிறது.

*

ஆகவே சண்டையைத் தெளிவாகச் சொல்லி முடிக்கிறேன்.

விற்பவர்களுக்கு: பெட்டியில் 'தத்ரூபம்' என்று அச்சிடுவதை நிறுத்துங்கள். 'துல்லியமான உடுப்பு' என்று போடுங்கள், அது உண்மை. இடுப்பை வளையவிட்ட பிறகு மற்றச் சொல்லைப் பற்றிக் கதைப்போம்.

என்னைப்போல் அரமும் பசையும் வைத்திருப்பவர்களுக்கு: குறிபார்ப்பவனைச் செய்ய முடியும் என்று நிரூபித்துவிட்டீர்கள். இனி இருப்பவனைச் செய்யுங்கள், சப்பாத்துக் கழற்றுபவனை, கடிதம் வாசிப்பவனை, காயப்பட்டவனின் கக்கத்துக்குள் தோளைக் கொடுத்துத் தூக்குபவனை. அவை சுடும் நிலையைவிடக் கடினமானவை. ஆகையால் கௌரவமும் கூடியவை.

வேண்டாம் என்று முகம் திருப்பும் நண்பர்களுக்கு: உங்கள் பிள்ளையின் கையில் ஏற்கனவே ஒரு சிப்பாய் இருக்கிறான், திரையில் ஓடிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு மூச்சு வாங்குவதில்லை. அவனைப் பறிக்க உங்களால் முடியாது. அவனுக்குப் பக்கத்தில் இன்னொருவனை வைக்க முடியும். ஒரு கத்தி, ஒரு அரம், ஒரு கேத்தில் சுடுதண்ணீர், ஞாயிற்றுக்கிழமையில் மூன்று மணித்தியாலம் போதும். பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, பொம்மையைக் கையில் கொடுத்து, ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இவன் விடியத் தொடங்கி நடக்கிறான், இப்போது பின்னேரம், எந்தக் காலில் நிற்பான்?

பிள்ளை எழும்பி, தானே நின்று பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லும்.